அருள்ராணியின் மஞ்சள் கல்

"கல்லு!"

கத்திவிட்டு விளக்குத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார் அருள்ராணி. பின்னால் ஓடி வந்துகொண்டிருந்த அவருடைய ஐந்தரை வயது மகள் பிளெஸ்ஸி, அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று அப்படியே நிற்கிறாள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது, அதுதான் சட்டம். அம்மா வந்து அவளுடைய ஷூ நுனிக்கு நேரே குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழிக்கிறார். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு விடுதலை. அளவு டேப்பின் நுனியில் இருக்கும் வளையத்தை வாங்கிக்கொண்டு தூணுக்கு ஓடுகிறாள். அங்கே குந்தி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் வளையத்தைத் தூணின் அடியில் அழுத்திக்கொள்கிறாள். அம்மா கோட்டில் நின்று டேப்பை இழுத்துப் பிடித்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார்.

"ஆறே கால் அடி. நேத்து ஏழரை. விடலாம்."

அந்த "விடலாம்" வந்த பிறகே பிள்ளையின் விரல்கள் எழும்பும். பிறகு இருவரும் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் தண்ணீரைத் தெளித்து, பார்க்கே அதிர்கிற மாதிரி சிரிப்பார்கள். தோற்ற பிள்ளையும் சிரிக்கும்.

இலுப்பூர் தாலுகாவில் நிலம் அளக்கப் போகும் இந்த சர்வேயரம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. வயது முப்பத்து நான்கு. ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. பகலில் சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும் கை. மாலை ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டியில், முன்னால் மகளை நிற்க வைத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்துவிடுவார். வந்ததும் துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஒரு முறை குதித்துப் பார்ப்பார். அன்றைக்கு எவ்வளவு வெயிலில் நின்றார், எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் என்பதெல்லாம் அந்தக் குதியோடு உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உடம்பில் சர்க்கரை ஏறிப்போனதால் டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு, விளக்குத் தூணுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காருவேன். நடக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கௌரவமான காரணத்தை அருள்ராணிதான் எனக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு சாட்சி வேணும். கல்லு நடப் போறோம். சாட்சியில்லாம நட்டா செல்லாது."

அன்றைக்கு அம்மாவும் மகளும் பூங்காவில் கல் நட்டதை ஊரே பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வாசல் கேட்டின் இரும்புச் சட்டத்திலிருந்து விளக்குத் தூண் வரை நூற்று முப்பது அடி. இது பந்தயத் தூரம். அம்மா கேட்டிலிருந்து ஓடுவார். பிள்ளைக்குச் சலுகையாக நாற்பத்து நான்கு அடி முன்னால் ஒரு கல். தேங்காயளவு கருங்கல். அதற்கு அடிக்க மஞ்சள் பெயிண்ட் என் கடையில் டப்பாவின் அடியில் கிடந்த மிச்சம். அரையடிக்குக் குழி தோண்டி, கல்லை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். கல்லின் தலையில் ஒரு அம்புக்குறி வேறு. ஆட்டத்தின் சட்டங்களை அருள்ராணி நின்றுகொண்டு வாசித்தார். காலைத் தூணில் வைத்தவர் "கல்லு" என்று கத்த வேண்டும். கத்தியதும் மற்றவர் நிற்க வேண்டும். பிள்ளை ஜெயித்தால் கல் நாலடி பின்னால் போகும். தோற்றால் கல் அசையாது. முன்னால் வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"மாமா, நீங்க சாட்சி. டெய்லி வரணும்" என்றாள் பிளெஸ்ஸி. அன்றிலிருந்து எனக்குச் சாட்சி மாமா என்று பெயர்.

அருள்ராணி அளவில் எப்படிப்பட்ட ஆள் என்பதை அதற்கு முன்பே நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பிள்ளையோடு விளையாடவென்று தனியாக ஒரு டேப் வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். பதினைந்து மீட்டர் டேப் ஐந்து எடுத்துப் போட்டேன். பையிலிருந்து தன் இரும்பு டேப்பை எடுத்தார். ஐந்தையும் கடைக்கு வெளியே, ரோட்டோரத்தில் நீட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்தது. கடைசியில் நான்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த நாலும் ஒன்னு சொல்றது ஒன்னுக்குப் பொருந்தலையேண்ணே. இத வச்சு யாராச்சும் வீடு கட்டிறப் போறாங்க, பாத்து வித்துக்கங்க."

பதினெட்டு வருடமாக அந்த டேப்பைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கம்பெனிக்காரனைப் பிடித்து நான் திட்டிய திட்டில் அவன் போனை வைத்துவிட்டான்.

தூரம் என்றால் அவருக்குக் கால்களே அளவுகோல். வேப்பமரத்தடியில் நிழல் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கு, இங்கிட்டிருந்து எண்பத்தஞ்சு அடி" என்பார். வேலைநாளில் அவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பிகள். ஒன்றரை அடி வரப்புக்காகப் பதினோரு வருடம் பேசாமலிருந்த இருவரைப் பற்றி ஒரு நாள் சொன்னார். கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று இருவருமே சத்தியம் செய்தார்களாம். அருள்ராணி நில வரைபடத்தை வைத்து அளந்து, ஓரிடத்தில் கடப்பாரையால் குத்தச் சொன்னார். மண் பொலபொலவென்று உள்வாங்கியது.

"கல்ல நகட்டிறலாம்ணே. குழிய எங்கிட்டு நகட்டுவாக? எத்தன வருஷமானாலும் அது காட்டிக் குடுத்துரும்."

இதைச் சொல்லும்போது பிளெஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாயை நக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை கேட்கிறாளா, மிட்டாயில் இருக்கிறாளா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

வேலையில் நிலம் அளக்கும்போது டேப்பின் வளையத்தைப் பிடிப்பவர் செயின்மேன் அய்யப்பன். மேடம் "விடலாம்" என்று சொல்லும் வரை அவர் விரலை எடுக்க மாட்டார். ஒரு நாள் அளவைப் படித்துக்கொண்டிருந்தபோது மேடத்துக்குப் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார். அய்யப்பன் கருவேலங் காட்டுக்குள், முள் குத்தக் குத்த, பத்து நிமிடம் குந்தியே இருந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அருள்ராணி. பூங்காவில் அந்த வேலை மகளுக்கு. அவளும் அய்யப்பனைப் போலவே உத்தரவுக்குக் காத்திருப்பாள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

ஓட்டம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் திங்கள், புதன் ஷட்டில். வலை கிடையாது, கொடியில் கட்டிய துப்பட்டாதான் வலை. செவ்வாய்க்கிழமை பந்து எறிதல். ஞாயிறு பூசை முடிந்ததும் சில வாரம் சித்தன்னவாசலுக்குப் போய்விடுவார்கள். அங்கே பூங்காவில் ஊஞ்சல், படகு எல்லாம் இருக்க, பிளெஸ்ஸி குன்றைப் பார்த்து, "இத அளக்கணும்னா எத்தன டேப்பு வேணும்மா?" என்று கேட்டாளாம். அம்மா படகுக்கு வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார். படகு அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இந்தப் பெண்மணி மீது பூங்காவில் ஒரு பெரிய குற்றச்சாட்டு இருந்தது. பிள்ளையை ஒரு நாளும் ஜெயிக்க விடுவதில்லை. உலகத்தில் எல்லா அப்பா அம்மாவும் பிள்ளையோடு ஓடினால் நடுவழியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, என்னால முடியலயே" என்று நடிப்பார்கள். நானும் என் மகனிடம் நடித்தவன். அருள்ராணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருமயம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வருபவர் மெய்யம்மை ஆச்சி. சென்னையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே மகள் வீட்டுக்கு வந்தால் பூங்காவுக்கும் வருவார். ஒரு மாலை அவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பச்சப் புள்ள. ஒரு நாளு ஜெயிக்க விட்டா என்ன கொறஞ்சா போயிருவ?"

"விட்டா அதுக்கு எது நெசம்னு தெரியாமப் போயிரும்ங்க ஆச்சி. இப்ப பாருங்க, மொத நா இருபத்தோரு அடி. இன்னிக்கு ஆறே கால். இந்தப் பதினஞ்சு அடியும் அதுவா ஓடுனது. நான் குடுத்ததில்ல."

ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் இருபத்தொன்று, பதினேழு, பதினொன்று, எட்டு என்று குறைந்துகொண்டே வந்த அந்தக் கணக்கில் எனக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. கடையில் வியாபாரத்தின் நடுவே, இன்றைக்கு ஐந்துக்குக் கீழே வருமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பிளெஸ்ஸிக்கோ ஒரு கெடு இருந்தது. அவள் அப்பா டேவிட் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிள்ளையை நேரில் பார்த்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. உயிர்த்த ஞாயிறான ஈஸ்டருக்கு, ஆவூர்க் கோயில் திருவிழாவுக்கு வருவதாக டிக்கெட் போட்டுவிட்டார். வீடியோ காலில் அவரிடம் மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள்: "நீங்க வர்றதுக்குள்ள அம்மாவ ஜெயிச்சுருவேன்." சனிக்கிழமை காலை திருச்சியில் விமானம் இறங்கும். பெரிய வியாழனும் வெள்ளியும் கோயில், விளையாட்டு கிடையாது. ஆகப் புதன்கிழமை மாலைதான் கடைசி ஓட்டம். செவ்வாய்க்கிழமைக் கணக்கு மூன்றடி.

அந்தப் புதன்கிழமை நான் வழக்கத்தைவிடச் சற்று முன்பே பெஞ்சுக்குப் போய்விட்டேன். பிளெஸ்ஸி குழாயடியில் பாட்டிலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அருள்ராணி மஞ்சள் கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கல்லை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். தூணை நோக்கி நான்கு எட்டு நடந்து, ஆறடி முன்னால் கையாலேயே மண்ணைப் பறித்து அதை நட்டு, ஷூவால் மிதித்தார். பழைய குழியில் புழுதியைத் தள்ளி நிரவினார். எழுந்து திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

தாலுகா முழுக்க அளந்து கொடுக்கிற அந்தப் பெண்ணின் முகம் அப்போது போன போக்கை என்னவென்று சொல்வேன்! கையில் இருந்த மண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பெஞ்சுக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க ஒன்னும் பாக்கல."

"நான் எதப் பாத்தேன்?"

"மூணு நாளா புள்ள தூக்கத்துல கல்லு, கல்லுன்னு கத்துதுண்ணே. அவரு வந்து எறங்குனதும் மொத கேள்வியே, ஜெயிச்சியா தங்கம்னுதான் கேப்பாரு. அதுக்கு முகம் சுருங்கிரும். எனக்குத் தாங்காதுண்ணே, இந்த ஒரு தடவ மட்டும்."

எத்தனை நாள் மனசுக்குள் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டியிருப்பேன்! "போயி ஓடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். நான் என்னத்தைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

பிளெஸ்ஸி தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் வழக்கப்படி கேட்டிலிருந்து தொடங்கினாள். ஓடுவதற்கு முன்னால் தன் இடத்துக்கு அவள் நடந்து போக மாட்டாள். குதிகாலை நுனியோடு ஒட்ட வைத்து, ஒவ்வொரு பாதமாக எண்ணிக்கொண்டே போவாள். எழுபத்திரண்டாவது பாதத்தில் கல். நட்ட நாளிலிருந்து அப்படித்தான். நாங்கள் இருவரும் எப்படியோ அதை மறந்துபோனோம்.

"எழுவது, எழுவத்தொன்னு, எழுவத்திரெண்டு..." நின்றாள். கல் இன்னும் முன்னால் இருந்தது. எண்ணிக்கொண்டே போனாள். எண்பத்திரண்டு. திரும்பிக் கேட்டுக்கு வந்து மறுபடி எண்ணினாள். மறுபடியும் எண்பத்திரண்டு.

"அம்மா, கல்லு நகந்திருக்கு."

"நகரலடா. ஒன் ஷூ சின்னதாயிருக்கும்."

"ஷூ எப்புடி சின்னதாகும்?"

"வெயிலுக்குச் சுருங்கும்" என்றார் சர்வேயரம்மா. இத்தனை மோசமாகப் பொய் சொல்லும் ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "சாட்சி மாமா, நீங்க பாத்தீங்களா?"

என் கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பயனில்லாத சாட்சி என்று முடிவு கட்டியவளாகத் திரும்பி நடந்தாள். எழுபத்திரண்டாவது பாதத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலை மண்ணில் வைத்து அழுத்தினாள். விரல் முழுதாக உள்ளே போனது.

"குழி!" என்றாள். "இந்தாருக்கு குழி! யாரு நகட்டுனா?"

அருள்ராணி மகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"நாந்தாண்டா."

"ஏன்?"

"நீ ஜெயிக்கட்டும்னு. அப்பா வாராகல்ல."

பிள்ளை யோசித்தாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் பெஞ்சை விட்டு எழுந்தேவிட்டேன்.

"அது அழுகுணி ஆட்டம்மா. அப்பாட்ட எப்புடி சொல்றது?" என்றாள். எழுந்து போய் மஞ்சள் கல்லைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். அவளால் பிடுங்க முடியவில்லை. அம்மாதான் போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். இருவருமாகப் பழைய குழியைத் தோண்டிக் கல்லை இறக்கினார்கள். பிளெஸ்ஸி அதன் மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தாள்.

"ஒழுங்கா ஓடணும். மெதுவா ஓடுனா எனக்குத் தெரியும்" என்றாள் கேட்டுக்குப் போகும் அம்மாவிடம்.

"ஓடுறேன் ஆத்தா."

நான்தான் கை தட்டி ஓட்டத்தைத் தொடங்கி வைத்தேன். அருள்ராணி ஒழுங்காகத்தான் ஓடினார். நான் சத்தியம் செய்வேன். அவருடைய சடை அவிழ்ந்து முகத்தில் அடித்தது. பிள்ளை இதுவரை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பாதையின் அந்தப் பக்கத்திலிருந்து மெய்யம்மை ஆச்சி, "ஓடு, ஓடு" என்று கைப்பையைத் தூக்கி ஆட்டினார். தூணுக்கு இரண்டு எட்டு இருக்கும்போதுகூட யார் முன்னால் என்று எனக்குத் தெரியவில்லை.

"கல்லு!"

அம்மாவின் குரல். பிள்ளை நின்றாள், முன்கால் தூணுக்கு எட்டியும் எட்டாமலும். கீழுதடு துடித்தது. ஆனாலும் அசையவில்லை.

அருள்ராணி குச்சியை எடுத்து ஷூ நுனிக்கு நேரே கோடு கிழித்தார். பையைத் திறந்து டேப்பை எடுத்தார். வழக்கம்போல வளையத்துக்காகப் பிளெஸ்ஸி கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையில் வளையத்தை வைக்கவில்லை, டேப் பெட்டியை வைத்தார். பிள்ளை புரியாமல் பார்த்தாள். வளையத்தை இழுத்துக்கொண்டு அருள்ராணி தூணுக்குப் போய்ப் புழுதியில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கட்டைவிரலாலும் அதைத் தூணின் அடியில் அழுத்திக்கொண்டார்.

பிளெஸ்ஸி கோட்டில் நின்று குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். டேப்பை இழுத்துச் சரி செய்தாள், மறுபடி குனிந்தாள்.

"ஒரு அடி..." என்று தொடங்கி, விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். "...ரெண்டு இஞ்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆச்சியைப் பார்த்தாள். உதடு துடிப்பது நின்று முகம் மெல்ல மெல்ல விரிந்தது. நேற்று மூன்றடி அல்லவா! "மாமா, ஒரு அடி ரெண்டு இஞ்சுதான்!" என்று டேப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதிக்கத் தொடங்கினாள். ஆச்சி கை தட்டினார். நானும் தட்டினேன். "விடலாம்" என்று அவள் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை மறந்தே போனாள். தூணடியில் அருள்ராணி அவிழ்ந்த சடையோடு, முகமெல்லாம் சிரிப்பாக, வளையத்திலிருந்து விரலை எடுக்காமல் குந்தியே இருந்தார்.